ஏந்தியவள் யார்? ‘ஹேபம்மெ’ என்னும் ஜெர்மன் தொழிற்பெயரின் வேர் தேடிய ஓர் ஆய்வு

பேறு பார்க்கும் தொழிலைச் செய்பவருக்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் பெயர் ‘ஹேபம்மெ’. அரசின் சட்டப் புத்தகத்திலும் மருத்துவமனைப் பெயர்ப்பலகையிலும் வீட்டுப் பேச்சிலும் இதே சொல்தான். கற்றுக்கொள்பவருக்கு இது சிரமம் தராத சொல்லாகத் தோன்றும். ‘ஹேபென்’ என்றால் தூக்குதல், உயர்த்துதல். ‘அம்மெ’ என்றால் பிறர் குழந்தைக்குப் பாலூட்டி வளர்ப்பவள். செவிலியர் பணிக்காக ஜெர்மன் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி தன் பயிற்சித்தாளின் ஓரத்தில் இந்தச் சொல்லுக்கு நேராகப் பென்சிலால் ‘தூக்கும் செவிலித்தாய்’ என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். இன்றைய ஜெர்மானியரைக் கேட்டாலும் பெரும்பாலும் இப்படித்தான் பிரித்துச் சொல்வார்கள். இந்தப் பிரிப்பில் முதற்பாதி சரி, பிற்பாதி சரியில்லை. சரியில்லாத அந்தப் பாதி எங்கிருந்து வந்தது, அதன் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

சொல்லின் அமைப்பைத் தமிழ் இலக்கணத்தின் வழியே பார்த்தால் எளிதாகப் பிடிபடும். ஊறுகாய், சுடுநீர், ஏவுகணை ஆகியவற்றில் வினையின் அடி காலம் காட்டாமல் நின்று பெயரோடு சேர்கிறது. நன்னூல் இதைக் காலம் கரந்த பெயரெச்சம் என்று வரையறுத்து வினைத்தொகை என்கிறது. ஜெர்மன் மொழியிலும் வினையடி முன்னும் பெயர் பின்னுமாக நிற்கும் தொகைகள் ஏராளம். துணி துவைக்கும் இயந்திரம் ‘வாஷ்மஷீனெ’. எழுதும் மேசை ‘ஷ்ரைப்டிஷ்’. தொகையின் பாலையும் பன்மை வடிவத்தையும் முடிவு செய்வது பின்னால் நிற்கும் பெயர்தான். ஹேபம்மெ பெண்பாற் சொல்லாக இருப்பதற்கும் அதன் இறுதி உறுப்பே காரணம். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 20-ஆம் நூற்றாண்டில் சட்டம் இயற்றியவர்களுக்கு இது ஒரு சிக்கலாக வந்து நின்றது.

முதல் ஐயம் பொருளிலேயே எழுகிறது. அம்மெ என்பவளின் வேலை குழந்தை பிறந்த பிறகு தொடங்கி மாதக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில், நடப்பது. பேறு பார்ப்பவளின் வேலையோ வலி எடுத்த பொழுதிலிருந்து குழந்தையைத் தாயின் கையில் தரும் வரைக்கும், அதையொட்டிய சில நாட்களுக்கும் உரியது. அவள் அந்தக் குழந்தைக்குப் பால் கொடுப்பதில்லை. நம் வழக்கில் மருத்துவச்சியையும் செவிலித்தாயையும் யாரும் குழப்பிக்கொள்ளாததைப் போலவே அன்றைய ஜெர்மானியரும் இந்த இருவரையும் குழப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள். அப்படியிருக்க, ஒருத்தியின் பெயர் இன்னொருத்தியின் பெயரைத் தாங்கி நிற்பது ஏன் என்ற கேள்விக்கு விடை வேண்டும்.

இரண்டாவது தடயம் உச்சரிப்பில் இருக்கிறது. இந்தச் சொல்லை இன்று இரண்டு வகையாக ஒலிக்கிறார்கள். ஒன்றில் ‘ஹேப்’ என்று நிறுத்தி, தொண்டையில் ஒரு நொடி மூச்சை அடைத்து, பிறகு ‘அம்மெ’ என்று தொடங்குகிறார்கள். உயிரெழுத்தில் தொடங்கும் உறுப்பு தொகைக்குள் வரும்போது ஜெர்மன் பேசுபவர்கள் இயல்பாகவே இப்படித் தடை இட்டு ஒலிப்பார்கள்; இரண்டு சொற்கள் சேர்ந்தது இது என்று அவர்கள் மனம் உணர்வதற்கு அதுவே அடையாளம். மற்றதில் தடை எதுவும் இல்லாமல், நடுவில் ‘ப’ மென்மையாகவே ஒலிக்க, ‘ஹேபம்மெ’ என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மெல்லச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு காதுக்குத் தெரியும்: முதலாவது பிரித்துக் காட்டுகிறது, இரண்டாவது பிரிக்க மறுக்கிறது. உச்சரிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் தையல் எங்கே போட்டிருக்கிறது என்று தேட அது இடம் காட்டுகிறது.

தீர்ப்புக்குப் பழைய எழுத்துச் சான்றுகளிடம்தான் போக வேண்டும். பழைய உயர் ஜெர்மன் என்று அறிஞர்கள் அழைக்கும் காலகட்டம் ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 11-ஆம் நூற்றாண்டு வரை நீள்கிறது. அந்தக் காலச் சொற்களில் பெரும்பகுதி நமக்குத் தனி நூல்களாகக் கிடைக்கவில்லை. மடங்களில் இலத்தீன் சுவடிகளைப் படித்த துறவியர் கடினமான இலத்தீன் சொல்லுக்கு மேலேயோ ஓரத்திலேயோ தம் தாய்மொழிச் சொல்லை எழுதி வைத்தார்கள்; அந்தக் குறிப்புகள் வழியாகவே பல சொற்கள் தப்பிப் பிழைத்தன. பேறு பார்ப்பவளுக்கு அந்தப் பழைய ஜெர்மனில் வழங்கிய வடிவம் ‘ஹெவியன்னா’. அதில் ‘அம்மா’ இல்லை, ‘அன்னா’தான் இருக்கிறது. மகர ஒற்று பின்னாளில் வந்து புகுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முதலுறுப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடு கிடையாது. ‘ஹெவி’ என்பது தூக்குதலைக் குறித்த ‘ஹெஃபென்’ என்னும் பழைய வினையின் அடி. ஜெர்மனுக்கு உறவான பழைய மொழியாகிய கோதிக்கில் இதன் வடிவம் ‘ஹஃப்யன்’, ஆங்கிலத்தில் ‘ஹீவ்’. இலத்தீனில் இதன் உறவு ‘காபெரெ’, அதாவது பற்றுதல், கையில் எடுத்தல். கேட்ட அளவில் ‘காபெரெ’யும் ‘ஹஃப்யன்’னும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். ஆனால் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822-இல் வகுத்துக் காட்டிய ஒலிமாற்ற விதியின்படி, இலத்தீனில் ககரம் நிற்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ஹகரமும், பகரம் நிற்கும் இடத்தில் ஃபகரமும் ஒழுங்காக வந்து நிற்கும். இலத்தீனில் கொம்பு ‘கொர்னு’, ஜெர்மனில் ‘ஹோர்ன்’. அங்கே மீன் ‘பிஸ்கிஸ்’, இங்கே ‘ஃபிஷ்’. ஒரு சொல்லில் மட்டும் ஒப்புமை கிடைத்தால் அது தற்செயலாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான சொற்களில் ஒரே ஒழுங்கு தென்படும்போதுதான் அது விதியாகிறது. சொல்லாராய்ச்சியில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கண்டிப்பைத்தான்.

பழைய வடிவத்தின் ‘வ’ இன்றைய வடிவத்தில் ‘ப’ ஆனதற்கும் காரணம் உண்டு. அந்த வினையின் நிகழ்கால வடிவங்களில் ஃபகரமும் இறந்தகால வடிவங்களில் மெல்லிய பகரமும் மாறி மாறி வந்தன. இத்தகைய மாற்றங்களுக்கான விளக்கத்தைத் தந்தவர் டென்மார்க்கு நாட்டு மொழியியலார் கார்ல் வெர்னர். காலப்போக்கில் பகர வடிவமே வினை முழுவதற்கும் பரவியது, தொழிலைக் குறித்த இந்தப் பெயரும் வினையைப் பின்பற்றியது. நெம்புகோலுக்கு ஜெர்மனில் வழங்கும் ‘ஹேபெல்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. மாவைப் பொங்கி எழச் செய்யும் ஈஸ்டின் பெயரான ‘ஹேஃபெ’யும் இதே வேர்தான், அது மட்டும் பழைய ஃபகரத்தை விடாமல் வைத்திருக்கிறது.

இனி ‘அன்னா’. பழைய ஜெர்மனில் பாட்டனை ‘அனோ’ என்றும் பாட்டியை ‘அனா’ என்றும் சொன்னார்கள். இன்று முன்னோரைக் குறிக்கும் ‘ஆனென்’ அதிலிருந்து வந்தது. இதன் உறவுகள் தொலைதூரம் வரை பரவிக் கிடக்கின்றன: இலத்தீனில் ‘அனுஸ்’ என்றால் கிழவி, அர்மீனிய மொழியில் ‘ஹான்’ என்றால் பாட்டி, மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய ஹிட்டைட்டு மொழியின் களிமண் பலகைகளில் ‘ஹன்னா’ என்றால் பாட்டி. பேரனைக் குறிக்கும் இன்றைய ஜெர்மன் சொல் ‘எங்கெல்’ என்பதும் இதே ‘அனோ’வின் சிறுமை வடிவந்தான், அதன் பழைய பொருள் ‘சின்னத் தாத்தா’. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால் பெயரன், அது மருவிப் பேரன் என்று ஆன மொழியைப் பேசும் நமக்கு இந்த எண்ணம் அந்நியமாகத் தோன்றாது. மூன்றாம் தலைமுறையில் முதல் தலைமுறை திரும்பி வருகிறது என்ற நினைப்பு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகளில் தனித்தனியே சொல்லாகியிருக்கிறது.

ஆகவே பழைய சொல்லின் பொருளைத் தமிழில் வினைத்தொகையாகவே ஆக்கினால் ‘ஏந்துபாட்டி’ என்று வரும். குழந்தையை ஏந்தி எடுக்கும் முதியவள். பிள்ளை பெற்று வளர்த்த அனுபவம் உள்ள வயது முதிர்ந்த பெண்ணே பேற்றின்போது கூட நின்றாள் என்ற சமூக நடைமுறையோடு இந்தப் பொருள் பொருந்துகிறது. அகராதிகளில் பெரும்பாலும் காணப்படும் விளக்கமும் இதுவே.

இதற்கு ஒரு மாற்று விளக்கமும் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. ‘ஹெவியன்னா’ தொடக்கத்தில் தொகையே அல்ல, ‘தூக்குகின்றவள்’ என்று பொருள்படும் ஒரு வினையாலணையும் பெயரின் பெண்பால் வடிவம் என்கிறார்கள் சிலர். அப்படியானால் அந்தப் பழைய விகுதி வழக்கொழிந்து பொருள் மறைந்தபோது, கேட்டவர்கள் அதன் இறுதியைப் பாட்டியைக் குறித்த சொல்லாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பாட்டியைக் குறிக்கும் ‘அனா’வில் ஒற்றை னகரம் இருக்க, தொழிற்பெயரில் அது இரட்டித்திருப்பது இந்த விளக்கத்துக்கு ஓரளவு துணை நிற்கிறது. என் முடிவு இது: முதலுறுப்பு தூக்குதல் என்பது உறுதி, ‘அம்மெ’ பின்னாளில் வந்தது என்பதும் உறுதி, இடையில் நின்ற பாட்டி தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்தாளா, அவளும் ஒரு காலத்தில் வந்து சேர்ந்தவளா என்பதில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டாவது விளக்கம் சரியானால், இந்த ஒரே சொல் இரண்டு முறை மக்களால் புதுப்பொருள் கற்பிக்கப்பட்டு இரண்டு முறையும் தன்னைத் திருத்திக்கொண்டது என்று ஆகும்.

எதைத் தூக்கினாள், எங்கிருந்து தூக்கினாள் என்ற கேள்விக்குப் பழைய நூல்கள் தரும் விடை, பிறந்த குழந்தையைத் தரையிலிருந்து எடுத்தாள் என்பது. உட்கார்ந்தோ மண்டியிட்டோ பெறும் முறையில் குழந்தை தரையை ஒட்டித்தான் வந்து விழும். அதை எடுக்க ஒரு கை வேண்டும். இதை வெறும் செயலாகப் பார்க்காமல், குழந்தையைக் குடும்பத்தில் ஏற்றுக்கொள்ளும் சடங்காகப் பார்த்தவர்களும் உண்டு. உரோமரிடம் ‘லெவானா’ என்ற தெய்வம் இருந்ததாகவும், குழந்தைகளைத் தரையிலிருந்து உயர்த்துவது அவள் பணி என்றும் புனித அகுஸ்தீன் குறிப்பிடுகிறார். தந்தை குழந்தையைத் தூக்கி எடுத்தால்தான் உரோமக் குடும்பத்தில் அது ஏற்கப்பட்டதாகப் பொருள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அப்படி ஒரு முறையான சடங்கு நடந்ததா என்று அண்மைக்கால வரலாற்றறிஞர்கள் வலுவாகவே ஐயப்படுகிறார்கள். ஆகையால் ஜெர்மன் சொல்லின் மேல் உரோமச் சடங்கை ஏற்றி வைப்பதை நான் தவிர்க்கிறேன். ஈரம் காயாத குழந்தையை இரு கைகளாலும் ஏந்தி எடுக்கும் அந்த எளிய அசைவே ஒரு பெயருக்குப் போதுமானது.

ஒரே தொழிலை ஒவ்வொரு மொழியும் வெவ்வேறு கணத்தில் நிறுத்திப் பெயரிட்டிருப்பது கவனிக்கத்தக்கது. இலத்தீனின் ‘ஒப்ஸ்டெட்ரிக்ஸ்’ எதிரில் நிற்பவள். ஆங்கிலத்தின் ‘மிட்வைஃப்’ பெற்றவளோடு உடனிருக்கும் பெண். அதில் ‘மிட்’ என்பது உடன் என்று பொருள்படும் பழைய சொல். பிரெஞ்சின் ‘சாஜ்ஃபாம்’ அறிவுள்ள பெண். ஐஸ்லாந்தின் ‘ல்யோஸ்மோதிர்’ ஒளித்தாய். தமிழின் மருத்துவச்சி மருத்துவம் அறிந்தவள். ஜெர்மன் மட்டும் கை செய்யும் வேலையைப் பெயராக வைத்துக்கொண்டது.

‘அன்னா’ எப்படி ‘அம்மெ’ ஆனது? பாட்டியைக் குறித்த பழைய சொல் பேச்சில் மெல்ல மங்கத் தொடங்கியபோது, தொகையின் பின்பாதி பொருள் தராத வெறும் ஓசையாக நின்றது. மக்கள் தம் வாயில் வெறும் ஓசையை நெடுநாள் வைத்திருப்பதில்லை. பிள்ளைப்பேறு நடந்த அதே வீட்டில், அதே அறையில், ‘அம்மெ’ என்ற பெயரோடு இன்னொரு பெண் நடமாடிக்கொண்டிருந்தாள். ஒலியோ ஒரு மூக்கொலிக்கும் இன்னொரு மூக்கொலிக்கும் உள்ள வேறுபாடுதான். பொருளும் அருகில், ஒலியும் அருகில். இடைக்கால ஜெர்மனில் ‘ஹெபம்மெ’ வடிவம் நிலைத்துவிட்டது.

இவ்வகை மாற்றத்துக்கு ‘ஃபோல்க்ஸ்எட்டிமோலோகீ’, அதாவது மக்கள் வழங்கும் வேர்விளக்கம் என்ற பெயரை 1852-இல் நிலைபெறச் செய்தவர் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன் என்ற ஜெர்மன் அறிஞர். கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாக வந்த தூளிப்படுக்கையின் பெயர் ‘ஹமாக்கா’. டச்சு மொழியும் ஜெர்மனும் அதைத் தம் காதுக்கேற்ப ‘தொங்கும் பாய்’ என்று பொருள்படும் ‘ஹேங்கெமட்டெ’ ஆக்கிக்கொண்டன. இடுகாட்டைக் குறிக்கும் ‘ஃப்ரீட்ஹோஃப்’ இன்று ‘அமைதி முற்றம்’ என்று கேட்கிறது. அதன் தொடக்கப்பொருள் வேலியிட்ட முற்றம். நம்மிடமும் கறிவேப்பிலை பல வாய்களில் கருவேப்பிலை ஆகிவிட்டது. கறிக்கு இடும் இலை, அதன் நிறத்தைப் பார்த்தவர்களின் நாவில் கரிய இலையாகத் திரும்பியது. இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பொருளோடு பேச வேண்டும் என்ற விருப்பத்திலிருந்து பிறக்கும் மாற்றம் இது. பிழை எங்கே தொடங்குகிறதென்றால், மாறிய வடிவத்தையே வரலாறு என்று நம்பி அதன் மேல் கட்டடம் எழுப்பும்போதுதான்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘அம்மெ’ என்ற ஜெர்மன் சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் ‘அம்மா’வுக்குப் போகிறது. ‘அன்னா’ என்று கேட்டவுடன் ‘அன்னை’க்குப் போகிறது. அப்படிப் போவது இயல்பு. என் மனமும் போயிற்று. ஆயினும் இந்த ஒலியொப்புமையை மொழியுறவுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. குழந்தை முதலில் எளிதாக எழுப்பும் ஒலிகள் அகரமும் உதடு மூடிய மகரமும், பிறகு நுனிநாக்கின் னகரமும். பால் குடிக்கும்போதும் பாலுக்கு ஏங்கும்போதும் எழும் அந்த முனகலைத் தாயும் பாட்டியும் செவிலியும் தம்மை அழைக்கும் பெயராக ஏற்றுக்கொள்கிறார்கள். உலகின் பல மூலைகளில், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத மொழிகளில், இவ்வகைச் சொற்கள் தனித்தனியே உருவானதை மொழியியலார் ரோமன் யாக்கொப்சன் 1960-இல் வெளிவந்த தம் கட்டுரையில் விளக்கியிருக்கிறார். துருக்கிய மொழியிலும் தாய் ‘அன்னெ’தான். அதற்காகத் துருக்கியும் ஜெர்மனும் தமிழும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடா. ‘காபெரெ’யும் ‘ஹஃப்யன்’னும் துளியும் ஒத்து ஒலிக்காமல் ஒரே வேரிலிருந்து வந்தவை, ‘அம்மெ’யும் ‘அம்மா’வும் அச்சில் வார்த்ததுபோல் ஒலித்தும் வேரால் தொடர்பற்றவை. தமிழின் பெருமைக்கு இத்தகைய ஒப்புமைகள் தேவையில்லை. அவற்றை அடுக்குபவர்கள், தமிழில் முறையாகச் செய்யப்படும் வேர்ச்சொல் ஆய்வின் மேல் பிறர் வைக்கும் நம்பிக்கையையும் சேர்த்தே கெடுக்கிறார்கள் என்பதே என் வருத்தம்.

‘ஹேபம்மெ’ போட்டியில்லாமல் நிலைத்துவிடவில்லை. பேறு பார்ப்பவர்களுக்கான ஒழுங்குமுறை ஒன்றை 1452-இல் ரேகன்ஸ்பர்க் நகரம் வகுத்தது. ஒய்கேரியுஸ் ரோஸ்லின் 1513-இல் அச்சிட்ட, கருவுற்ற பெண்களுக்கும் பேறு பார்ப்பவர்களுக்குமான ‘ரோஜாத் தோட்டம்’ என்னும் கையேட்டின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆனால் மார்ட்டின் லூதர் விவிலியத்தை மொழிபெயர்த்தபோது, யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் பார்வோனுக்கு அஞ்சாமல் ஆண்குழந்தைகளைக் காப்பாற்றிய எபிரெயப் பெண்களை ‘வேமுட்டர்’ என்ற சொல்லின் பன்மையால் குறித்தார். அது ‘வலித்தாய்’, அதாவது பேற்றுவலியின்போது உடனிருக்கும் தாய். தமிழ் விவிலியத்தில் அதே பெண்கள் மருத்துவச்சிகள். யுஸ்டினெ சீகெமுண்ட் 1690-இல் வெளியிட்ட தம் நூலின் தலைப்பில், பிராண்டன்பர்க் அரசவையின் வலித்தாய் என்றே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். பேறுகாலம் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பெண் எழுதிய முதல் மருத்துவ நூல் அது. லூதரின் மொழிக்கு இருந்த செல்வாக்கை நினைத்தால் ‘வேமுட்டர்’தான் வென்றிருக்க வேண்டும். வெல்லவில்லை. லூதர் விவிலியத்தின் இக்காலத் திருத்தப் பதிப்புகளே அந்த இடத்தில் ‘ஹேபம்மெ’யை வைத்திருக்கின்றன.

20-ஆம் நூற்றாண்டின் சட்டங்கள் இந்தச் சொல்லை முற்றிலும் புதிய சோதனைக்கு ஆளாக்கின. ஜெர்மனியில் ஒவ்வொரு பேற்றுக்கும் பேறு பார்ப்பவரை அழைக்க வேண்டும் என்ற கடமை 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. மேற்கு ஜெர்மனியின் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களையும் இந்தத் தொழிலில் ஏற்றுக்கொண்டது. அவர்களை என்ன பெயரால் அழைப்பது? இறுதி உறுப்பு பெண்ணைக் குறிக்கிறது, அதை ஆண்பாலாக்க விகுதி கிடையாது. நம் மொழியில் மருத்துவச்சிக்கு ஆண்பால் தேடிப் போனால் மருத்துவன் என்ற வேறு தொழிலில் போய் நிற்பதைப் போன்ற முட்டுச்சந்து. சட்டம் இயற்றியவர்கள் ‘என்ட்பிண்டுங்ஸ்ப்ஃலேகர்’ என்ற புதிய தொகையை ஆக்கினார்கள். ‘என்ட்பிண்டுங்’ என்றால் கட்டவிழ்த்தல், அதிலிருந்து பிள்ளைப்பேறு. ‘ப்ஃலேகர்’ என்றால் பராமரிப்பவர். இலக்கணத்தில் குறை சொல்ல முடியாத ஆக்கம். ஆனால் அதற்குள் கை இல்லை, குழந்தை இல்லை, ஏந்துதல் இல்லை. அலுவலகக் கோப்பில் பிறந்த அந்தச் சொல் மக்களின் வாயில் ஏறவே இல்லை.

ஆஸ்திரியா 1994-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இரு பாலருக்கும் ‘ஹேபம்மெ’ என்ற ஒரே பெயர் என்று முடிவு செய்துவிட்டது. ஜெர்மனியில் இந்தக் கல்வியைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்த்திய புதிய சட்டம் 2020 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிலில் உள்ள அனைவருக்கும் ‘ஹேபம்மெ’ என்பதே தொழிற்பெயர் என்று அது சொல்கிறது. அதன்பின் ‘எர் இஸ்ட் ஹேபம்மெ’, அதாவது ‘அவன் ஹேபம்மெ’, என்பது சட்டப்படியும் சரியான வாக்கியம். எழுவாய் ஆண்பால், பயனிலையாக நிற்கும் பெயர் பெண்பால். ஜெர்மன் இலக்கணம் அதற்குத் தடை சொல்வதில்லை. பாட்டியின் இடத்தில் வந்து அமர்ந்த செவிலித்தாய் இப்போது ஓர் ஆணின் தொழிற்பெயருக்குள் இருக்கிறாள், அவள் தோளுக்கு முன்னால் ‘ஹேப்’ என்ற வினையடி 8-ஆம் நூற்றாண்டின் துறவி எழுதிய அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.